ஏறினாரா, இறங்கினாரா

செய்தி வந்தபோது பகல் பதினொன்று ஐம்பத்திரண்டு. கிடங்கில் எல்லாக் கணினிகளும் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தன. மச்சினன் நூற்று நாற்பது பெட்டிகளின் இருப்பைத் திரையில் ஏற்றி முடித்துவிட்டு, தன் கைராசியைத் தானே மெச்சிக்கொண்டு நின்றிருந்தான். மேலாளர் போனில், "உக்காந்திருக்கியா?" என்று கேட்டார். "உக்காந்துதான் சார் இருக்கேன்" என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே விளங்கவில்லை. அன்று காலையில் அது அவன் சொன்ன இரண்டாவது பொய்.

இறந்துபோனவர் அவனுடைய அக்கா வீட்டுக்காரர். வயது ஐம்பத்தொன்று. தலைமை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் கணினிகளையும் அவற்றை இணைக்கும் வயர்களையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. இரண்டு கட்டடங்களிலும் அவருக்குப் பெயர் 'பச்சை'. யார் கூப்பிட்டு என்ன குறை சொன்னாலும் முதலில் அவர் கேட்பது, "பச்சை லைட் எரியுதா?" பிரிண்டர் பேப்பரைத் தின்கிறது என்றாலும் அதுதான், திரை இருட்டாக இருக்கிறது என்றாலும் அதுதான். ஒருமுறை கழிப்பறைக் குழாய் மூடவே மாட்டேனென்கிறது என்று யாரோ எண் மாற்றி அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். தூக்கக் கலக்கத்திலோ என்னவோ அதற்கும் அதையே கேட்டுவைத்தார். அன்றிலிருந்து நிலைத்த பெயர் அது. அக்காவே கோபம் வந்தால், "பச்சை வந்தாச்சா?" என்றுதான் மகளிடம் கேட்பாள்.

பதினெட்டு வயதில் வயர்க் கடையொன்றில் முனைக்குப் பிளக் மாட்டும் வேலையில் சேர்ந்தவர். கல்லூரி வாசல் பார்க்காதவர். எல்லாம் கை வழியாக ஏறிய படிப்பு. கம்பெனியில் பதினோரு பேர் இருந்த காலத்தில் வந்து சேர்ந்தார். அது நூற்றெண்பது பேராகி, சரக்கு வைக்க இடம் போதாமல் ரயில் பாதைக்கு அப்பால் மூன்றரை கிலோமீட்டர் தள்ளிக் கிடங்கு எடுத்தபோது, அங்கே இருப்பு பார்க்கும் வேலைக்கு மச்சினனைச் சேர்த்துவிட்டதும் அவர்தான். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாததுதான் மச்சினனுக்குக் கொஞ்சம் உறுத்தலாக இருந்தது.

ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவர் வீட்டில் இணையம் நொண்டியடிக்கும். சமையலறைக்கு மேலே குறுக்காக ஒரு வயர், துணி காயப்போடுகிற மாதிரி தொங்கும். "வைத்தியர் வீட்டுக்காரிக்குத்தான் மருந்து கிடைக்காது" என்று அக்கா சொல்வாள். "வைத்தியருக்கு வீட்டுல யாரும் ஃபீஸ் குடுக்கிறதில்லையே" என்பார் அவர்.

வயருக்குப் பட்டை ஒட்டுவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. இந்த முனை என்ன என்று எழுத மாட்டார். அந்த முனை எங்கே இருக்கிறது என்று எழுதுவார். ஆகவே கிடங்கில் இருக்கும் வயரில் 'ஆபீஸ்' என்றும், ஆபீஸில் இருக்கும் வயரில் 'கிடங்கு' என்றும் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் பார்த்துத் திருதிருவென்று முழிப்பார்கள். மச்சினனும் முழித்தவன்தான்.

"நீ எங்க நிக்கிறேன்னு உனக்கே தெரியும் மாப்ள. தெரியாதது அந்தப் பக்கம்தானே? அதைத்தான் எழுதணும்" என்றார்.

கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. திரும்பி வந்து பட்டையைப் பார்த்ததும் மறுபடி குழம்பிவிட்டது.

முதலில் இரண்டு கட்டடங்களையும் இணைத்தது கம்பியில்லாத இணைப்பு. இந்த மொட்டைமாடியில் ஒரு தட்டு, அந்தக் கூரையில் ஒரு தட்டு, இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். மழை வந்தால் பேச்சு நின்றுவிடும். போதாக்குறைக்கு நடுவில் எவரோ ஒரு கட்டடம் எழுப்பத் தொடங்கினார்கள். "அவங்க ஒரு மாடி ஏத்தினா நம்ம வேகம் ஒரு மாடி இறங்குது சார்" என்று மேலாளரிடம் அவர் மூன்று வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். கடைசியில் லைன் கம்பெனிக்காரர்கள் வந்து தரைக்கடியில் ஃபைபர் இழுத்து, கட்டடத்துக்கு ஒன்றாகச் சின்னப் பெட்டி வைத்துவிட்டுப் போனார்கள்.

"நமக்கு அது மூணரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே வயர், அவ்வளவுதான். இங்க ஒரு சுவிட்சு, அங்க ஒரு சுவிட்சு. நடுவுல அவங்க என்ன பண்றாங்கன்னு நமக்குத் தெரியவும் வேணாம்" என்றார் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். சுவிட்ச் என்றால் சுவரில் இருப்பதல்ல; வரிசையாக இருபத்து நாலு ஓட்டைகள் உள்ள இரும்புப் பெட்டி. கட்டடத்தின் கணினி வயர்களெல்லாம் வந்து சொருகிக்கொள்ளும் இடம்.

இணைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் மூன்றாம் மாடியில், மச்சினன் கிடங்கில், நடுவில் போன்.

"மாப்ள, சின்னப் பெட்டியிலேருந்து வர்ற வயரை சுவிட்சுல கடைசி ஓட்டையில சொருகு."

"சொருகிட்டேன் மாமா."

"பச்சை லைட்?"

"ஆரஞ்சு எரியுது."

"ஆரஞ்சா? உன் மூஞ்சியப் பாத்துப் பயந்திருக்கும். கொஞ்சம் தள்ளி நில்லு."

தள்ளி நின்றான். அரை நிமிஷத்தில் பச்சை வந்துவிட்டது.

"மாமா, வந்துருச்சு!"

"அப்போ மூஞ்சிதான் கோளாறு. லைன் நல்லாத்தான் இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு கூரைத் தட்டிலிருந்து வரும் பழைய வயரைக் கழற்றச் சொன்னார். "கழட்டி அப்படியே தொங்க விடு. என் பக்கத்து முனை இருபத்தி மூணாவது ஓட்டையிலயே இருக்கட்டும், நான் எடுக்கல. என்னைக்காவது லைன் போச்சுன்னா நீ உன் பக்கம் மட்டும் சொருகினா போதும். ஆனா என்னைக் கேட்டுட்டுச் செய். ரெண்டும் ஒண்ணா இருக்கவே கூடாது."

"ரெண்டு இருந்தா நல்லதுதானே மாமா?"

"ஒரு உறையில ரெண்டு கத்தியா? இந்த வழியாப் போற சேதி அந்த வழியாத் திரும்பி வரும். வந்தது மறுபடி போகும். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். பத்தே செகண்டுல எல்லாரும் ஒரே பேச்சைப் பேசிக்கிட்டிருப்பாங்க, ஒருத்தர் சொல்றதும் ஒருத்தர் காதுல விழாது."

"நம்ம சொந்தக்காரங்க கூடினா மாதிரின்னு சொல்லுங்க."

"அதேதான். சாதாரணமா சுவிட்சு ரெண்டும் தங்களுக்குள்ள குசுகுசுன்னு பேசி அதைக் கண்டுபிடிச்சு நிறுத்திரும். இந்த லைன் கம்பெனிக்காரங்க அந்தக் குசுகுசுவை மட்டும் நடுவுல முழுங்கிடுறாங்க. என்ன வேண்டுதலோ."

மச்சினன் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டான். மனதில் தங்கியது பாதிதான்: லைன் போனால் அந்த வயரைச் சொருகலாம்.

எட்டு வாரம் கழித்து, அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கிடங்குத் திரைகள் ஆபீஸைத் தேடித் தேடிச் சோர்ந்துபோயின. லாரி வாசலில் நின்றது. டிரைவர் கதவுக்கு வெளியே கையைத் தொங்கப்போட்டுத் தாளம் போட்டார். மச்சினன் சுவிட்ச் இருக்கும் மூலைக்குப் போனான். வயர் ஒன்று தொங்கியது. அதில் 'ஆபீஸ்' என்ற பட்டை. லைன் போனால் இதைத்தானே சொருகச் சொன்னார் என்று சொருகினான். ஒரு நிமிஷத்தில் திரைகளுக்கு உயிர் வந்தது. அவனுக்கு அப்படியொரு பெருமை. மாமாவைக் கேட்காமலே செய்துவிட்டேன், சாயங்காலம் சொல்லி வாயடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

ஏழெட்டு நிமிஷம் ஓடியிருக்கும். சட்டென்று எல்லாம் உறைந்தது. இந்த முறை கிடங்கு மட்டுமல்ல, ஆபீஸும் சேர்ந்து. சுவிட்சில் இருபத்து நாலு விளக்குகளும் பேய் பிடித்த மாதிரி மினுங்கின. பதினொன்று ஆறுக்கு மாமாவைக் கூப்பிட்டான்.

"பச்சை லைட் எரியுதா?"

"எல்லாமே எரியுது மாமா. கண்ணை மூடி மூடித் திறக்குது."

"எல்லாமா?"

"எல்லாம்."

அந்தப் பக்கம் மூச்சு கேட்டது.

"எதையாவது தொட்டியா மாப்ள?"

"இல்ல மாமா."

"சரி, இரு."

அதுதான் முதல் பொய். பொய் என்று நினைத்துச் சொன்னதும் இல்லை. அவன் சொருகியதால் வேலை நடந்தது. இப்போது நின்றது வேறெதனாலோ என்றுதான் நினைத்தான். அதோடு, தொட்டேன் என்றால் அவர் என்ன சொல்வார் என்பதும் தெரியும். குரங்கு கையில் பூமாலை என்று தொடங்கி ஒரு வாரம் ஓட்டுவார்.

அதன்பின் மேலாளர் கூப்பிட்டுக் கத்தினார். அந்தக் கத்தலின் நடுவில் மாமாவின் அழைப்பு வந்து நின்றுபோயிற்று. மணி பதினொன்று பத்து. இவன் திருப்பிக் கூப்பிடவில்லை. ஆத்திரத்தில் கிடங்கு சுவிட்சின் மின்சாரத்தைப் பிடுங்கி மறுபடி கொடுத்தான். அது விழித்து எழுந்தபோது எல்லாம் சரியாகிவிட்டிருந்தது. தான்தான் சரிசெய்தோம் என்று பதினொன்று ஐம்பத்திரண்டு வரை நினைத்துக்கொண்டிருந்தான்.

அவரைக் கண்டது ஆபீஸ் வாசல் காவலாளி. இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவே, படி திரும்புகிற இடத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். அப்போது மணி பதினொன்று இருபது. ஆஸ்பத்திரியில், கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்றார்கள்.

மூன்று நாள் மச்சினன் எதையும் யோசிக்கவில்லை. அக்கா வீட்டில் வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டான், எடுத்தான். நாலாம் நாள் கிடங்குக்குப் போய் மூலையில் சுவிட்சைப் பார்த்தான். கடைசி ஓட்டையில் ஒரு வயர். அதற்கு முந்தைய ஓட்டையில் இன்னொரு வயர். இரண்டிலும் 'ஆபீஸ்'. ரெண்டும் ஒண்ணா இருக்கவே கூடாது என்ற மற்ற பாதி அப்போதுதான் நினைவில் வந்து நின்றது. வயரைப் பிடுங்கினான். பிடுங்கிய வயரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் வெகுநேரம் நின்றான்.

கணக்கு அவன் தலைக்குள் இப்படிப் போயிற்று. தொட்டேன் என்று சொல்லியிருந்தால், பிடுங்கு என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இல்லை என்றதால் கிடங்குக்குக் கிளம்பினார். வேகமாக இறங்கினார். படியில் நெஞ்சு அடைத்தது. அப்படியானால் அவரைக் கொன்றது யார்? உடனே இன்னொரு நினைப்பு வந்து அதை மறிக்கும்: அவர் இறங்காமல் ஏறிக்கொண்டிருந்தால்? கீழே வேறு வேலையாகப் போனவர் தன் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தால்? அப்படியானால் அவர் தன்னைத் தேடி வரவில்லை. இந்த இரண்டில் எது என்று தெரிந்தால் போதும், தூக்கம் வந்துவிடும் போலிருந்தது.

காவலாளியிடம் போனான். அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, அவரு ஏறிட்டிருந்தாரா, இறங்கிட்டிருந்தாரா?"

"உக்காந்திருந்தாரு தம்பி."

"அது தெரியும். முகம் எந்தப் பக்கம்?"

"சுவத்துப் பக்கம்."

"காலு?"

"காலு ரெண்டும் மடிச்சிருந்துச்சு." காவலாளி மூடியை மறுபடி மூடினார். "எனக்கும் ஒண்ணு புரியல. லிஃப்ட் நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. அதை விட்டுட்டு ஏன் படியில வந்தாரு?"

மச்சினன் அதை யோசித்திருக்கவில்லை. லிஃப்ட் வரக் காத்திருக்க முடியாத அவசரமா? அல்லது அவர் எப்போதுமே படியில் போகிறவரா? பன்னிரண்டு வருஷம் கூடவே இருந்தும் அது தெரியவில்லை.

"கையில பை இருந்துச்சா அண்ணே?"

"பை இல்ல. போன் மட்டும்."

பை இல்லாமல் கிடங்குக்கு வர மாட்டார். அதில்தான் அவருடைய ஆயுதங்கள் எல்லாம் இருக்கும். ஆனால் அவசரமென்றால் பையை யார் எடுப்பார்கள்? எந்தப் பக்கம் திருப்பினாலும் இரண்டு விதமாகவும் பொருந்தியது.

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொல்லிவிட்டான். அவள் அலமாரியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே அடுக்கியிருந்ததைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

"அக்கா, மாமா எதையாவது தொட்டியான்னு கேட்டாரு. நான் இல்லன்னேன். தொட்டிருந்தேன்."

"எதை?"

"ஒரு வயரை."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னைக்குக் காலையில பல்லு விளக்கும்போதே இடது தோள் இழுக்குதுன்னாரு. வலி மருந்து தடவட்டுமான்னேன். சட்டையில ஒட்டும், வேணாம்னாரு. நானும் சரின்னு விட்டுட்டேன். நீ வயரைச் சொல்றே. நான் எதைச் சொல்றது?"

"அது வேற அக்கா."

"எப்படிடா வேற?"

அவள் ஒரு சட்டையின் காலரை நிமிர்த்திவிட்டு, "அவருக்குத் தெரியுமா, நீ தொட்டது?" என்றாள்.

அந்தக் கேள்வி அவனுக்கு அதுவரை எழவே இல்லை. அதன்பிறகு அது ஒன்றுதான் இருந்தது. பதினொன்று பத்துக்கு அவர் கூப்பிட்டது எதற்கு? பிடுங்கு என்று சொல்லவா? தோள் இழுக்கிறது, ஓடி வா என்று சொல்லவா? தான் பொய் சொன்னது தெரிந்து போனாரா, தெரியாமலே போனாரா?

மூன்று வாரம் கழித்து மூன்றாம் மாடிக்குப் புது டெக்னீஷியன் வந்தார். முப்பது வயதுப் பெண், சுருக்கமாகப் பேசுகிறவர். பட்டைகளைப் பார்த்து இரண்டு நாள் குழம்பிவிட்டு, மூன்றாம் நாள் மச்சினனை வரவழைத்தார்.

"இங்க ரெண்டு வயர்ல கிடங்கு, கிடங்குன்னு எழுதியிருக்கு. கிடங்கு அங்கல்ல இருக்கு?"

"அந்த முனை எங்க இருக்குன்னுதான் எழுதுவாரு மேடம்."

"ஓ." கொஞ்சம் யோசித்தார். "அது சரிதான்."

மச்சினன் தண்ணீர் குடித்துவிட்டு, அன்றைக்கு நடந்ததை முழுதாக அவரிடம் சொன்னான். அக்காவிடம் சொன்னதைவிட இது சுலபமாக இருந்தது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். லைன் கம்பெனிக்குப் போன் போட்டு விசாரித்தார். பிறகு தன் லேப்டாப்பை ஆபீஸ் சுவிட்சில் மாட்டி, அது தனக்குள் எழுதிவைத்திருக்கும் பதிவைத் திறந்தார்.

"லைன் பத்து அம்பதுக்குப் போயிருக்கு. பதினொன்னு மூணுக்குத் தானா திரும்பிருச்சு. நீங்க நடுவுல பழைய வயரைச் சொருகினீங்க. லைன் திரும்பினதும் ரெண்டு வழியும் சேர்ந்து சுத்த ஆரம்பிச்சிருச்சு."

"நிறுத்தினது நான்தானே? சுவிட்சை அணைச்சுப் போட்டேனே."

"இல்ல சார். பதினொன்னு பதினாலு. இங்க பாருங்க. இதே ரூம்ல, இதே சுவிட்சுல ஒருத்தர் லேப்டாப்பை மாட்டி உள்ள போயி, இருபத்தி மூணாவது ஓட்டையை மூடியிருக்காரு. பழைய வயர் இங்க வந்து சேர்ற ஓட்டை. அதோட நின்னுருச்சு."

மச்சினன் அந்த வரியைப் பார்த்தான். ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஒரே ஒரு வரி. பதினொன்று பதினாலுக்கு மாமா இங்கே இருந்தார். பதினொன்று இருபதுக்குப் படியில். அப்படியானால் இறங்கித்தான் இருக்கிறார். ஆனால் கிடங்கின் கோளாறுக்காக இல்லை. அதை இங்கேயே முடித்துவிட்டார். தான் தொட்டதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருபத்து மூன்றை மூடியிருக்க முடியாது.

பின்னே எதற்கு இறங்கினார்? டாக்டரிடம் போகவா? போனை எடுக்காத மச்சினனை நேரில் வந்து நாலு வார்த்தை கேட்கவா?

"இவரு வேற ஏதாவது எழுதியிருக்காரா மேடம், அதுக்கப்புறம்?"

"இல்ல. அதுதான் எனக்கும் புரியல." அவர் திரையை மேலே தள்ளிக் காட்டினார். "நாலு மாசப் பதிவு இருக்கு. ஒரு சின்ன மாத்தம் பண்ணாலும் அடுத்த வரியிலேயே சேமிச்சிருப்பாரு. ஒரு தடவைகூட விட்டதில்ல. இதுல மட்டும் சேமிக்கல. பாதியில எழுந்து போயிருக்காரு."

"சேமிக்கலேன்னா என்ன ஆகும்?"

"இப்போதைக்கு ஒண்ணும் ஆகாது. கரண்ட் போயி வந்தா சுவிட்சு பழைய நிலைக்குப் போயிரும், மூடினது திறந்துக்கும். ஒரே ஒரு வார்த்தைதான். நான் இப்பவே அடிச்சுடட்டுமா?"

விரல்கள் விசைகளின் மேல் காத்திருந்தன. மச்சினன் தலையாட்டத்தான் நினைத்தான். "கிடங்குப் பக்கம் வயரைப் பிடுங்கிட்டேன் மேடம். கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டுமே" என்று வாய் சொல்லிற்று. டெக்னீஷியன் அவனை ஒரு தரம் பார்த்துவிட்டு லேப்டாப்பைக் கழற்றிக்கொண்டார்.

மாமா மூடிய இருபத்து மூன்று மூடியே இருக்கிறது. அது இன்னும் சேமிக்கப்படவில்லை.